திங்கட்கிழமை வரச் சொன்ன தலைவர்

"தமிழர்களின் தலைவர் நீங்கள்தானா?"

பிணவறைக்கு வெளியே, நீளமான நடைகூடத்தில் வைத்து அந்தப் பொலிஸ்காரர் இத்தாலியனில் என்னிடம் கேட்டது இதுதான். கையில் ஒரு நீலக் கோப்பு. அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஒரு கைத்தொலைபேசியும் நாலாக மடித்த ஒரு காகிதமும் இருந்தன.

பலெர்மோவில் எட்டு வருடமாக அந்தக் கேள்விக்கு நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லி வந்தவன் நான். மாநகரசபையில் கேட்டிருக்கிறார்கள். ஆயர் இல்லத்தில் கேட்டிருக்கிறார்கள். ஒருமுறை தொலைக்காட்சிக்காரர்களும் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் "ஓம், நான்தான்" என்று முந்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன்.

உண்மையில் நான் ஒரு தேவாலயப் பங்கின் தமிழ்க் கத்தோலிக்கர் சங்கத்துக்குத் தலைவன், அவ்வளவுதான். சைவக் கோவில் ஆட்களுக்கு வேறு சபை, வேறு தலைவர். இந்த வித்தியாசத்தை இத்தாலியருக்கு விளக்கிச் சொல்ல எனக்கு ஒருநாளும் அவசரம் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாக "இல்லை" என்று சொல்ல வாய் வந்தது.

உள்ளே கூட்டிப்போய்த் துணியை விலக்கினார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இராது. முகம் சற்றுச் சிவந்து, நித்திரை கொள்கிறவனைப் போலக் கிடந்தான். கழுத்தில் நீல மணிச் செபமாலை. வலது மணிக்கட்டில் கோவிலில் கட்டும் கறுப்பு நூல்.

"இவரைத் தெரியுமா?"

"ஒருமுறை கண்டிருக்கிறேன்."

"எங்கே?"

"தேவாலய மண்டபத்தில்."

"உங்கள் சங்கத்து ஆளா?"

"இல்லை."

மூன்று பதிலும் உண்மை. அந்த மூன்று உண்மைகளுக்கும் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்பதைப் பொலிஸ்காரர் அறிய நியாயமில்லை. எழுதிக்கொண்டு என் கையொப்பத்தை வாங்கினார்.

இந்தத் தொடரை வாசித்துவிட்டு, "சேவியர் அண்ணை நல்ல பகிடியாய் எழுதுறார்" என்று சொல்கிறவர்கள் இந்த வாரம் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டு போக எனக்கு வெட்கமாக இருக்கிறது. இப்போது நான் எந்தப் பதவியிலும் இல்லை. அதனால் எழுதலாம்.

ஒருதரம் மறுத்தவன்

நான் தலைவனானது பெரிய கதை இல்லை. எனக்கு இத்தாலியன் எழுத வாசிக்க வரும். பெர்மெஸ்ஸோ என்று நாங்கள் சொல்லும் வதிவிட அனுமதிக்கு, அடித்தல் திருத்தல் இல்லாமல் படிவம் நிரப்புவேன். எல்லாக் காகிதத்திலும் இரண்டு பிரதி எடுத்து வைப்பேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

பொதுக்கூட்டத்தில் என் பெயரைச் சொன்னபோது, "ஐயோ, எனக்கு வேண்டாம், வேறை ஆரையும் பாருங்கோ" என்றேன். செயலாளர் பிலிப்பு, "அண்ணை, நீங்கள்தான்" என்றான். சரி என்று கதிரையில் இருந்துவிட்டேன்.

இதைப் பெருமையாக சிஞ்ஞோரா அலெக்ராவிடம் போய்ச் சொன்னேன். சிஞ்ஞோரா அலெக்ரா நான் பன்னிரண்டு வருடமாக வீட்டுவேலை பார்க்கும் அம்மா. கால்சா என்கிற பகுதியில் ஒரு பழைய மாளிகையின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். இத்தாலியின் வடக்கே இருந்து கலியாணம் செய்து வந்தவர். கணவர் இறந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு படி இறங்குவதில்லை. யூதப் பெண்.

பலெர்மோவில் யூதர்களை விரல்விட்டு எண்ணலாம். ஐந்நூறு வருடத்துக்கு முன்னர் இந்தத் தீவிலிருந்து அவர்களைத் துரத்திவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த சந்துகளில் இப்போது தெருப்பெயர்ப் பலகையில் மட்டும் எபிரேய எழுத்து இருக்கிறது. கூடிச் செபிக்க ஆள் காணாது. அதனால் சனிக்கிழமை காலையில் சிஞ்ஞோரா யூதர்களின் வேதமான தோராவில் அந்த வாரத்துக்குரிய பகுதியைத் தன் வீட்டிலேயே உரக்க வாசிப்பார். முதலில் எபிரேயத்தில், பிறகு இத்தாலியனில். சுவருக்கு வாசிக்க மாட்டாராம். கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஒருமுறை, "எங்கடை பழைய ஏற்பாட்டிலும் இது இருக்கு" என்று இத்தாலியனில் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "பழையது என்று யார் சொன்னது?" என்று கேட்டார். அன்று முழுவதும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான் தலைவனான செய்தியை அவர் ரசிக்கவில்லை.

"எத்தனை தரம் மறுத்தீர்கள்?"

"ஒருதரம்."

"எரிகிற செடிக்குள்ளிருந்து கடவுள் தலைவனாகக் கூப்பிட்டபோது மோசே ஐந்து சாட்டுச் சொன்னார், சேவியர். நான் யார் என்றார். எனக்கு நாக்குத் திக்கும் என்றார். கடைசியில் வேறு யாரையும் அனுப்பும் என்றார். பயம். அத்தனை பேரின் உயிருக்கும் தான் பதில் சொல்ல வேண்டி வரும் என்கிற பயம். உங்களுக்கு என்ன பயம் வந்தது?"

"எனக்குப் பயம் ஒன்றும் இல்லை, சிஞ்ஞோரா."

"அதுதான் கவலை" என்றார்.

வேறொரு சனிக்கிழமை, வாரப் பகுதி முடிந்த பிறகு, மரங்கள் தங்களுக்கு அரசன் தேடிய கதையை வாசித்தார். ஒலிவ மரம், எனக்கு எண்ணெய் கொடுக்கிற வேலை இருக்கிறது என்றது. அத்தி, பழம் கொடுக்கிற வேலை இருக்கிறது என்றது. திராட்சையும் மறுத்தது. ஒரு வேலையும் இல்லாத முட்செடி மட்டும், வாருங்கள், என் நிழலில் ஒதுங்குங்கள் என்றது. முட்செடிக்கு ஏது நிழல்?

வீட்டுக்கு வந்து மனைவி ஜெயாவிடம் இந்தக் கதையைச் சொல்லி, "நான் இதிலை எந்த மரம்?" என்று கேட்டேன். "இதுக்குப் போய் என்னைக் கேக்கோணுமே?" என்று சொல்லிவிட்டுச் சட்டி கழுவப் போய்விட்டாள்.

கேட்காமலே போடும் விளக்கு

சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள். அன்று சிஞ்ஞோரா நெருப்புத் தொடமாட்டார், மின்விளக்கின் விசையையும் தொடமாட்டார். அதைவிட ஒன்று இருக்கிறது. மற்றவரிடம் போடச் சொல்லிக் கேட்கவும் மாட்டார். கேட்டால் தானே போட்ட மாதிரியாம்.

முதல் வருடம் எனக்கு இது விளங்கவில்லை. மழைக்காலத்தில் அறை இருண்டு வரும். புத்தகத்தை முகத்துக்குக் கிட்டே, இன்னும் கிட்டே கொண்டுபோவார். வாய் திறக்கமாட்டார். பிறகு மெல்ல மெல்லப் பழகினேன். மேகம் கறுத்தால் எழும்புவேன், எனக்கு இருட்டாக இருக்கிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு விளக்கைப் போடுவேன். அவர் காணாதது போல வாசித்துக்கொண்டு போவார்.

ஒருவருடைய தேவையை அவர் கேட்காமலே கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்திருந்தது. இதை நான் இங்கே எழுதுவது தற்பெருமைக்கு இல்லை. தெரியாது என்று சொல்லித் தப்ப எனக்கு வழி இல்லை என்பதற்காகத்தான்.

வயல்வெளியில் கிடந்தவன்

இது நடப்பதற்கு முந்தின ஓகஸ்ட்டில் ஒரு சனிக்கிழமை. வெயிலுக்குப் பயந்து யன்னல் பலகைகளைச் சாத்தியிருந்தோம். அன்று வாசித்த பகுதி எனக்குப் பிடிக்கவில்லை.

வயல்வெளியில் ஒருவன் கொலையுண்டு கிடக்கிறான். கொன்றவன் யார் என்று தெரியாது. அப்போது பெரியவர்கள் வந்து, பிணம் கிடக்கும் இடத்திலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். எந்த ஊர் மிகக் கிட்டவோ, அந்த ஊரின் பெரியவர்கள் நுகம் ஏறாத ஒரு பசுக்கன்றைக் கொண்டுபோய், உழாத பள்ளத்தாக்கில் அதன் கழுத்தை முறிக்க வேண்டும். அதன்மேல் கை கழுவ வேண்டும். எங்கள் கை இந்த இரத்தத்தைச் சிந்தவில்லை, எங்கள் கண் இதைக் காணவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"எங்களுக்குக் கை கழுவினவன் என்றால் யேசுவைச் சாகக் கொடுத்த பிலாத்துதான், சிஞ்ஞோரா" என்றேன்.

முகத்தைச் சுளித்தார். "இவர்கள் பிலாத்து இல்லை."

"பிறகு ஏன் கழுவ வேண்டும்? இவர்கள் கொல்லவில்லையே."

"கொன்றார்கள் என்று யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் எங்கள் பழைய ஆசிரியர்கள் ஒன்றைக் கேட்கிறார்கள். அந்த வழிப்போக்கன் உங்கள் ஊருக்கு வந்தானா? வந்தவனை எப்படி அனுப்பினீர்கள்? அதற்குப் பதில் சொல்லக்கூடியவன்தான் கை கழுவலாம்."

யூதர்களின் வேதத்தில் தலைவர்களுக்கு ஒருநாளும் மெத்தை விரித்ததில்லை என்று நினைத்தேன். மோசேக்கு வாக்களித்த நாட்டில் கால் வைக்கக் கிடைக்கவில்லை. சாமுவேல் கிழவயதில் சனத்துக்கு முன்னால் நின்று, நான் யாருடைய மாட்டை எடுத்தேன், யாரை ஒடுக்கினேன், சொல்லுங்கள் என்று கேட்கிறார். தாவீது தன் பாவத்தைத் தன் வீட்டுக்குள்ளே ஒரு தீர்க்கதரிசியின் வாயால் முகத்துக்கு நேரே கேட்கவேண்டி வந்தது. எங்கள் சங்கத்திலோ தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவோம். நல்ல வேளை நான் அங்கே பிறக்கவில்லை என்று அன்று சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

முன் தண்டு யாருக்கு?

தை மாதத்தில் எங்களுக்குச் செபஸ்தியார் திருநாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு சுருபத்தை, அதாவது புனிதரின் சிலையை, கூட்டில் வைத்துத் தெருவைச் சுற்றி வருவோம். கூட்டைத் தூக்குவதற்கு இரண்டு நீளத் தண்டுகள். முன் தண்டு எந்த ஊரவர்களுக்கு என்பதுதான் ஒவ்வொரு வருடமும் சண்டை. மன்னார் ஆட்கள், செபஸ்தியார் தங்கள் ஊர்க்காரர் என்பது போலக் கதைப்பார்கள். தீவுப்பகுதி ஆட்கள், கூட்டைச் செய்து தந்தது நாங்கள் என்பார்கள். யாழ்ப்பாணத்தார் ஒன்றும் சொல்லாமல் போய் முன்னால் நிற்பார்கள்.

திருநாளுக்கு முந்தின வியாழன் பின்னேரம் மண்டபத்தில் இந்தப் பஞ்சாயத்து. வெளியே மழை. நான் ஒரு தாளில் கோடு போட்டு, தேவாலய வாசலிலிருந்து முதல் சந்திவரை யார், அங்கிருந்து யார் என்று பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த வேலை மிகவும் பிடிக்கும். எல்லோரும் என் பேனையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்போதுதான் வாசலில் அவன் வந்து நின்றான். சப்பாத்து ஊறிப்போயிருந்தது. உள்ளே வந்தால் தரை ஈரமாகும் என்று நிலைக்கு வெளியிலேயே நின்றான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. புதிதாக வருகிறவனை அவனுடைய ஊர்க்காரர் பொறுப்பெடுப்பார்கள். மன்னாரான் வந்தால் மன்னார் வீட்டில் ஒரு கட்டில். நெடுந்தீவான் வந்தால் நெடுந்தீவு வீட்டில். பலெர்மோவில் தமிழன் ஒருவனும் தெருவில் படுத்ததில்லை என்று மேடையில் நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் புதுமுகத்தைக் கண்டால் முதல் கேள்வி எந்த இடம் என்பது. இரண்டாவது கேள்வி, ஆற்றை ஆள், அதாவது யாருடைய ஆள், என்பது.

"எந்த இடம் தம்பி?"

"முல்லைத்தீவுப் பக்கம் அண்ணை. பேர் ரவி."

அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் சங்கத்தில் ஒருவரும் இல்லை.

"இஞ்சை ஆற்றை ஆள்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணை. இந்தத் தீவின்ரை மற்றக் கரையிலை தக்காளிக் கூடாரத்திலை மூண்டு வருசம் நிண்டனான். அங்கை வேலை முடிஞ்சுது. பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க நாள் தந்திருக்கினம். ஒரு விலாசம் வேணும். படுக்க ஒரு இடமும். ஒரு கிழமைக்கெண்டாலும் காணும்."

என் கண் அவனுடைய மணிக்கட்டில் இருந்த கறுப்பு நூலில் நின்றது. சட்டைக் கழுத்து மூடியிருந்ததால் செபமாலை தெரியவில்லை.

"கோவில் ஆக்களைக் கேட்டனீரோ?"

"கேட்டனான். அவை உங்களிட்டைப் போகச் சொன்னவை." பிறகு, "அப்பா சைவம், அம்மா வேதம் அண்ணை" என்றான். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரை வேதக்காரர் என்பார்கள்.

பின்னால் பிலிப்பு, "அண்ணை, இரண்டாம் சந்திக்கு ஆர்?" என்று கூப்பிட்டான்.

"இப்ப திருநாள் அலுவல் தம்பி. திங்கட்கிழமை வாரும், பாப்பம்."

"எத்தினை மணிக்கு அண்ணை?"

"பின்னேரம்."

"வாறன் அண்ணை. பெரிய உதவி."

நான் ஒரு உதவியும் செய்யவில்லை. நன்றியை மட்டும் வாங்கிக்கொண்டு தாளிடம் திரும்பினேன். அந்த வருடம் தண்டுச் சண்டை இல்லாமல் சுருபம் சுற்றி வந்தது. எல்லோரும் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள்.

இரண்டு பக்கக் கதிரைகள்

அடுத்த வியாழக்கிழமைதான் பிணவறையில் அந்தத் துணியை விலக்கினார்கள். அவன் கிடந்தது போர்கோ வெக்கியோ என்கிற பகுதிக்குப் பின்னால், துறைமுகம் போகும் வழியில், பூட்டு உடைந்த ஒரு பண்டகசாலையில். தகரப் பேணிக்குள் கரி போட்டுக் கொளுத்தி, குளிருக்குக் கதவையும் சாத்தியிருக்கிறான். கரிப்புகை கொன்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாக இருக்கலாம் என்றார் பொலிஸ்காரர். பக்கத்து மீன்காரர்தான் கண்டு அறிவித்திருக்கிறார். மடித்த காகிதம், பெர்மெஸ்ஸோவுக்கு வரச் சொல்லிக் கொடுத்த துண்டு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோவில் சபைத் தலைவர் குகதாசன் தன் ஆட்களோடு எங்கள் மண்டபத்துக்கு வந்தார். கதிரைகள் இரண்டு பக்கமாகப் போட்டிருந்தன. யாரும் அப்படிப் போடச் சொல்லவில்லை.

"எங்களிட்டை வரேக்கை கழுத்திலை செபமாலை தெரிஞ்சது. அப்ப உங்கடை ஆள் எண்டுதானே நினைப்பம்" என்றார் குகதாசன். குரலில் கோபம் இல்லை. அவருக்கும் முகம் வெளிறித்தான் இருந்தது.

"கையிலை நூல் கட்டியிருந்தவனாம்" என்று பிலிப்பு சொன்னான். "இஞ்சை ஒருத்தரும் அவனோடை கதைக்கேல்லை. அப்பிடித்தானே அண்ணை?"

முந்தின வார வியாழன் மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் தண்டைப் பற்றிய தாளைத்தான் பார்த்திருந்தார்கள். வாசலில் நான் யாருடன் கதைத்தேன் என்று யாருக்கும் நினைவில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்தேன். அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒரு முடிவு எடுத்தார்கள். பொலிஸார் தாயின் இலக்கத்தைத் தந்திருக்கிறார்கள். மரணச் செய்தியை ஊர்த் தேவாலயச் சுவாமியார் சொல்லிவிட்டார். இங்கேயே அடக்கம் செய்யத் தாயின் சம்மதம் வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு சபையும் கூடியிருந்து, தொலைபேசியில் ஒலிபெருக்கியைப் போட்டு, நான் கதைப்பது. நான் சொல்ல வேண்டியதைப் பிலிப்பு எழுதியே தந்துவிட்டான்: அவர் இங்கே வந்தது எங்களில் ஒருவருக்கும் தெரியாது, எங்களிடம் வந்திருந்தால் கைவிட்டிருக்க மாட்டோம்.

"உதுதான் எல்லாருக்கும் நல்லம் அண்ணை. கதை வெளியிலை போனால் எங்களுக்கு வீடு தாறவை, வேலை தாறவை என்ன நினைப்பினம்?" என்றான்.

தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.

அளந்தேன்

சனிக்கிழமை வானம் கறுத்துப் பெய்தது. கால்சாவில் சிஞ்ஞோராவுக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். அவருடைய குரல் நின்று கனநேரம் ஆனதைக்கூட நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அறை இருட்டு. புத்தகம் மடியில் கிடந்தது. விளக்கைப் போட மறந்திருந்தேன்.

எழும்பிப் போட்டேன். அப்படியே விசைக்குப் பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். நூல், செபமாலை, திங்கட்கிழமை, பிலிப்பு எழுதின தாள். சொல்லும்போது எனக்கு அழுகை வந்தது. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"அளந்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

"எதை?"

"தூரத்தை. கை கழுவப் போகிறவர்கள் முதலில் அளக்க வேண்டும். ஆள் அனுப்பி இல்லை, தாங்களே போக வேண்டும்."

அங்கிருந்து நேரே அந்தப் பண்டகசாலைக்குப் போனேன். கதவில் பொலிஸ் நாடா ஒட்டியிருந்தது. மழை விட்டிருந்தது. கதவில் முதுகை வைத்து நின்று, பைத்தியக்காரனைப் போல அடியெண்ணி நடக்கத் தொடங்கினேன். எங்கள் தேவாலய மண்டபத்துக்கு ஆயிரத்து நூற்றுச் சொச்சம். திரும்பி வந்து கோவிலுக்கு நடந்தேன். ஆயிரத்து முந்நூறு தாண்டியது. ஆக எங்கள் மண்டபம்தான் கிட்ட. கணக்கு முடிந்தது என்று வீட்டுக்குத் திரும்பினேன்.

நான் இருப்பது போர்கோ வெக்கியோ. சந்தையைத் தாண்டி என் தெருவுக்குள் திரும்பும்போது, போகும் வழியில் வலது பக்கம் அதே பண்டகசாலையின் பின்சுவர் தெரிந்தது. இவ்வளவு நாளும் வேலைக்குப் போக வர நான் உரசிக்கொண்டு போன சுவர். நின்று, மறுபடியும் அந்தக் கதவடிக்குப் போய், முதலிலிருந்து எண்ணினேன்.

என் வீட்டு வாசலுக்கு இருநூற்று முப்பத்தாறு அடி.

அவன் செத்துக்கொண்டிருந்த வேளையில் நான் எங்கே இருந்தேன் என்று தெரியாது. ஒருவேளை வீட்டில் திருநாள் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. மகள் கலியாணம் முடித்துப் போன நாளிலிருந்து அதில் சங்கத்தின் கொடிகளும் மடக்குக் கதிரைகளும்தான் இருந்தன.

ஜெயாவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, அப்பா. கொடியளைத் தூக்கி ஒரு பக்கம் வைக்க எனக்கு எவ்வளவு நேரம்?"

தொலைபேசி

ஞாயிறு பூசை முடிந்தது. மண்டபத்தில் இருபது பேர் வரை இருந்தோம். நடுவில் ஒரு மேசை, அதில் பிலிப்புவின் தொலைபேசி. அதற்குப் பக்கத்தில் அவன் எழுதின தாளை விரித்து வைத்திருந்தான். குகதாசன் கைகளைக் கட்டிக்கொண்டு எனக்கு எதிரே இருந்தார்.

மணி மூன்று தரம் அடித்தது. ஒரு பெண்குரல், "ஹலோ" என்றது. பின்னால் யாரோ செபம் சொல்லும் சத்தம்.

"அம்மா, நான் பலெர்மோவிலையிருந்து கதைக்கிறன். இஞ்சத்தைத் தமிழ்க் கத்தோலிக்கச் சங்கத் தலைவர் சேவியர்."

"ஓம் ஐயா. தெரியும். மகன் உங்களைப் பற்றிச் சொன்னவன்."

பிலிப்பு சடாரென்று என்னைப் பார்த்தான். மண்டபத்தில் ஒரு கதிரை அசைந்த சத்தம் கேட்டது.

"என்ன சொன்னவர் அம்மா?"

"கடைசியாய் எடுக்கேக்கை சந்தோசமாய்க் கதைச்சவன் ஐயா. தலைவரைக் கண்டனான், திங்கட்கிழமை வரச் சொன்னவர், இனிப் பயப்படாதேங்கோ அம்மா எண்டு. நானும் அண்டைக்குத்தான் நிம்மதியாய்ப் படுத்தனான்."

பிலிப்பு தாளை என் பக்கம் தள்ளினான். நான் அதைப் பார்க்கவில்லை.

"அம்மா, உங்கடை மகன் என்னட்டை வந்தவர். படுக்க இடம் கேட்டவர். என்ரை வீட்டிலை ஒரு அறை சும்மா இருந்தது. அவர் செத்த இடத்திலையிருந்து என்ரை வீடு கூப்பிடு தூரம். கோவில் ஆக்கள் எண்டும் வேதக்காரர் எண்டும் நாங்கள் ஆளை ஆள் பாத்துக்கொண்டிருந்திட்டம். நான் அவரை அண்டைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கோணும். போகேல்லை. பிழை என்னிலை."

குகதாசன் கையை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

அந்தப் பக்கம் செபச் சத்தம் மட்டும் வந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. என் பாவத்தின் அளவு முழுவதையும் சொல்லிவிட்டேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஐயா, ஒண்டு கேக்கட்டே?"

"கேளுங்கோ அம்மா."

"திங்கட்கிழமை பின்னேரம் வாறன் எண்டவன் வரேல்லையே. அவனை ஏன் இன்னும் காணேல்லை எண்டு நீங்கள் யோசிச்சனீங்களோ?"

அந்தத் திங்கட்கிழமையை நான் நினைத்துப் பார்த்தேன். பின்னேரம் மண்டபத்தில்தான் இருந்தேன். அலங்காரங்களைக் கழற்றினோம். கூட்டைத் துணியால் மூடினோம். கோப்பி குடித்தோம். வாசலை ஒருதரம்கூட நான் பார்க்கவில்லை. பிணவறையில் துணியை விலக்கும்வரை அப்படி ஒருவன் இருந்ததே எனக்கு நினைவில் இல்லை.

"இல்லை அம்மா."

"அப்ப சரி ஐயா. அங்கையே அடக்கம் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.